எதற்குப் பதிலாக?

பிரியாணிக் கடையில் தினமும் நடக்கும் வேடிக்கை இது. மட்டன் பிரியாணி, சிக்கன் 65, தொட்டுக்கொள்ள ஒரு பிளேட் சுக்கா என்று மளமளவென்று சொல்லி முடித்த மனிதர், கடைசியில் ஒரு கணம் யோசித்துவிட்டு, "குடிக்க டயட் கோக் குடுங்க தம்பி, சுகர் இல்லாதது" என்பார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தங்கள் தட்டைப் பார்ப்பார்கள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நல்ல அறிவியல் கேள்வி ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது. டயட் பானம் குடிப்பவர்களில் பலர் ஒல்லியாக இருப்பதில்லை. கலோரியே இல்லாததைக் குடிப்பவர் இளைக்க வேண்டாமா? ஒருவேளை அந்தப் பானம்தான் உடம்பை ஏற்றுகிறதோ? கூடவே வாட்ஸப்பில் வந்துசேரும் பயங்கள் வேறு: புற்றுநோய் வரும், கண் போகும், சர்க்கரை இன்னும் ஏறும். இவற்றில் சில வெறும் புரளி, சில பாதி உண்மை, ஒன்றிரண்டை ஆய்வாளர்களே இன்னும் தீர்க்க முடியாமல் திணறுகிறார்கள். எது எது எந்த வகை என்று பிரிக்க வேண்டுமானால் நாக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

இருநூறு மடங்கு இனிப்பு

நாக்கின் சுவை மொட்டுகளில் இனிப்புக்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. 2001-ல்தான் அது இன்னதென்று அடையாளம் காணப்பட்டது. இத்தகைய புரதங்களுக்கு ஏற்பி என்று பெயர். சர்க்கரை மூலக்கூறு அதில் வந்து ஒட்டியதும் 'இனிப்பு' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. பூனைக்கு இந்த ஏற்பியின் ஒரு பாதி மரபணுவிலேயே பழுதாகிக் கிடக்கிறது. அதனால்தான் பூனை லட்டுவைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இந்த ஏற்பியில் ஒட்டுவதற்குச் சர்க்கரையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சர்க்கரை அல்லாத சில பொருள்கள் அதைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைத்தான் செயற்கை இனிப்பூட்டிகள் என்கிறோம். ஆஸ்பர்டேம் சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு. சாக்கரின் 300 முதல் 400 மடங்கு. சுக்ரலோஸ் 600 மடங்கு.

இதன் பொருள் என்ன? சாதாரண கோலா 330 மில்லி கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. டீஸ்பூன் கணக்கில் ஏழெட்டு. அதே இனிப்பைக் கொடுக்க ஆஸ்பர்டேம் 175 மில்லிகிராம் போதும். ஆஸ்பர்டேம் ஜீரணமாகாத பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு கிராம் ஆஸ்பர்டேமில் ஒரு கிராம் சர்க்கரையில் இருக்கும் அதே 4 கலோரி உண்டு. போடும் அளவு அற்பமாக இருப்பதால் மொத்தம் ஒரு கலோரியைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். சுக்ரலோஸ் கதை வேறு. அதில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடுகிறது.

அடுத்த முறை டயட் பானக் கேன் கையில் கிடைத்தால் பொடி எழுத்துகளைப் படித்துப் பார்க்கலாம். 951, 950, 955 போன்ற எண்களில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். 951 ஆஸ்பர்டேம், 950 அசிசல்ஃபேம்-பொட்டாசியம், 955 சுக்ரலோஸ். ஒரே பானத்தில் ஏன் இரண்டு? சாக்கரினும் அசிசல்ஃபேமும் அதிகமானால் நாக்கின் கசப்பு ஏற்பிகளையும் தூண்டிவிடுகின்றன. குடித்து முடித்தபின் அடிநாக்கில் தங்கும் அந்தக் கசப்பு இதனால் வருவது. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் இனிப்பு நிற்கும், கசப்பு தலைகாட்டாது.

விரலை நக்கிய விஞ்ஞானிகள்

ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது பள்ளி வேதியியல் வகுப்பின் முதல் பாடம். இனிப்பூட்டிகளின் வரலாறு முழுக்க முழுக்க அந்தப் பாடத்தை மறந்தவர்களால் எழுதப்பட்டது.

1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கரித்தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. சாக்கரின் பிறந்தது. 1937-ல் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஸ்வேடா ஆய்வு மேசை ஓரத்தில் வைத்த சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார். அதுவும் இனித்தது. அது சைக்ளமேட். 1965-ல் வயிற்றுப்புண் மருந்துக்கான ஆய்வில் இருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர் தாளைப் புரட்ட விரலை நக்கியபோது ஆஸ்பர்டேம் அகப்பட்டது. இரண்டு வருடம் கழித்து ஜெர்மனியில் கார்ல் கிளாவுஸ் அதே மாதிரி விரலை நக்கி அசிசல்ஃபேமைக் கண்டுபிடித்தார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் கதை 1976-ல் லண்டனில் நடந்தது. சர்க்கரையில் குளோரினைச் சேர்த்துச் செய்த ஒரு பொருளை 'டெஸ்ட்' செய்யும்படி சசிகாந்த் ஃபட்னிஸ் என்ற இந்திய ஆய்வு மாணவரிடம் சொன்னார்கள். அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழுந்தது. சொன்னபடி சுவைத்துப் பார்த்துவிட்டார். அதிர்ஷ்டம், அது சுக்ரலோஸ்.

கேட்க ருசியாக இருக்கும் இந்தக் கதைகளே மக்களின் பயத்துக்கும் தீனி போட்டன. கரித்தாரில் பிறந்தது, மருந்துக் கம்பெனியில் தவறிக் கிடைத்தது எப்படி நல்லதாக இருக்கும்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதை வைத்து அது உடம்பில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சோதித்தார்கள், முதல் சோதனைகளே பெரிய கலவரத்தில் முடிந்தன.

எலிக்கு வந்தது மனிதனுக்கு வருமா?

1970-களில் கனடாவில் நடந்த ஆய்வொன்றில் சாக்கரின் தின்ற ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி வந்தது. 1977-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சாக்கரினைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது. சைக்ளமேட் 1969-லேயே அங்கே தடையாகியிருந்தது. எஞ்சியிருந்த ஒரே இனிப்பூட்டி சாக்கரின்தான். நீரிழிவுக்காரர்கள் கொந்தளித்தார்கள். நாடாளுமன்றம் தலையிட்டுத் தடையைத் தள்ளிவைத்தது, பதிலுக்கு ஒவ்வொரு பொட்டலத்திலும் புற்றுநோய் எச்சரிக்கை அச்சிட வைத்தது.

எலிகளுக்குக் கொடுத்தது எவ்வளவு? தீனியின் எடையில் 5 சதவீதம். தினம் அரைக் கிலோ உலர்ந்த உணவு சாப்பிடும் மனிதருக்கு அது 25 கிராம் சாக்கரின். இனிப்புக் கணக்கில் ஏழரைக் கிலோ சர்க்கரைக்குச் சமம். ஒரு மனிதர் ஒரு நாளில் அதைத் தொடவே முடியாது.

அளவைத் தள்ளிவைத்தாலும் இன்னொரு விஷயம் இருந்தது. ஆண் எலியின் சிறுநீரில் புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் மிக அதிகம். ஏராளமான சாக்கரின் அதில் சேரும்போது நுண்ணிய படிகங்கள் உருவாகிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரை அராவுகின்றன. சுவர் திரும்பத் திரும்பப் புண்ணாகி, திரும்பத் திரும்ப வளர்கிறது. அந்த ஓயாத வளர்ச்சியில் கட்டி முளைக்கிறது. மனிதச் சிறுநீரின் சேர்க்கை வேறு. அங்கே இந்தப் படிகங்கள் உருவாவதில்லை. இது புரிந்த பிறகு 1999-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சாக்கரினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கியது. 2000-ல் அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகமும் போனது. இருபது வருடங்களுக்கு மேல் பொட்டலத்தில் இருந்த வாசகம் மக்கள் மனத்தில் இருந்து அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. இன்றைய வாட்ஸப் தகவல்களில் பலவற்றின் பூர்வீகம் அந்த எலிகள்தான்.

ஒரு கேனைப் பிரித்துப் பார்த்தால்

இன்று உலகில் அதிகம் திட்டு வாங்குவது ஆஸ்பர்டேம். ஒரே ஒரு கேனை எடுத்து, உள்ளே போனதும் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேனில் 200 மில்லிகிராம் ஆஸ்பர்டேம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆஸ்பர்டேம் ஆஸ்பர்டேமாகவே ரத்தத்தில் கலப்பதில்லை. குடலிலேயே மூன்றாக உடைந்துவிடுகிறது. முதல் துண்டு ஃபீனைல்அலனின், சுமார் 110 மில்லிகிராம். இது புரத உணவு எல்லாவற்றிலும் இருக்கும் அமினோ அமிலம். ஒரு டம்ளர் பாலில் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. இரண்டாவது ஆஸ்பார்ட்டிக் அமிலம், சுமார் 90 மில்லிகிராம். அதுவும் பருப்பிலும் முட்டையிலும் தாராளமாக உள்ளதே. மூன்றாவது துண்டின் பெயரைக் கேட்டால்தான் தூக்கிவாரிப் போடும்: மெத்தனால். 20 மில்லிகிராம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது இதே மெத்தனால்தான். அதைக் கேனில் விற்கிறார்களா என்று தமிழ்நாட்டில் ஒருவர் பதறினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கு முடியவில்லை. பத்து மில்லி சுத்த மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கக்கூடும். எடையில் அது சுமார் 8 கிராம், அதாவது 8,000 மில்லிகிராம். 400 கேன்களை ஒரே மூச்சில் குடித்தால்தான் அந்த அளவு உள்ளே போகும். அதற்கு முன்பே தண்ணீரே ஆளை முடித்துவிடும். பழுத்த பழங்களிலும் காய்களிலும் உள்ள பெக்டின் சிதையும்போதும் மெத்தனால் உண்டாகிறது. கேன் அளவு தக்காளிச் சாற்றில் டயட் கோலாவில் உள்ளதைவிடப் பல மடங்கு மெத்தனால் இருக்கும். உடம்பு அதைச் சத்தமில்லாமல் சமாளித்து வெளியேற்றிவிடுகிறது.

சரி, எவ்வளவு வரை குடிக்கலாம்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அந்த அளவு என்ன என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. எலிகளுக்கு அளவை ஏற்றிக்கொண்டே போனபோது, உடல் எடையில் கிலோவுக்கு 4,000 மில்லிகிராம் தினமும் கொடுத்தும் பாதிப்பு தெரியவில்லை. அந்த எண்ணை 100-ஆல் வகுத்தார்கள். மனிதர் எலி இல்லை என்பதற்காக ஒரு பத்து, மனிதருக்கு மனிதர் உடல்வாகு வேறுபடும் என்பதற்காக இன்னொரு பத்து. கிடைத்தது கிலோவுக்கு 40 மில்லிகிராம். வாழ்நாள் முழுக்கத் தினமும் எடுத்துக்கொண்டாலும் சிக்கல் இல்லை என்று கருதப்படும் இந்த அளவுக்கு அன்றாட உட்கொள்ளல் வரம்பு என்று பெயர். அமெரிக்கா இதையே 50 என்று வைத்திருக்கிறது.

60 கிலோ எடையுள்ளவருக்கு வரம்பு 2,400 மில்லிகிராம். 200 மில்லிகிராம் கேன் என்றால் தினம் 12. சில பானங்களில் 300 வரை இருக்கும், அவற்றில் 8. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கமே போகப் போவதில்லை.

இங்கே நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் இதே கணக்கை 20 கிலோ குழந்தைக்குப் போட்டால் படம் மாறுகிறது. வரம்பு 800 மில்லிகிராம். 300 மில்லிகிராம் கேனில் மூன்றாவது முடிவதற்குள் வரம்பு தாண்டிவிடும். "சுகர் இல்லையே, குடிக்கட்டும்" என்று விசேஷ வீட்டில் குழந்தைகளை விட்டுவிடும் பெரியவர்கள் இந்தச் சின்ன வகுத்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு நாள் தாண்டினால் ஆபத்து ஒன்றும் இல்லை. தினப்படி வழக்கமாகிவிடக் கூடாது.

ஒரே ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் ஆஸ்பர்டேம் ஒரு சொட்டும் ஆகாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் உடம்பால் ஃபீனைல்அலனினைச் சிதைக்க முடியாது. அது மூளையில் சேர்ந்து கேடு செய்யும். கேனில் அவர்களுக்கான எச்சரிக்கை தனியாக அச்சிடப்பட்டிருக்கும்.

ஒரே நாள், இரண்டு தீர்ப்பு

2023 ஜூலை 14. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு குழுக்கள் ஆஸ்பர்டேம் பற்றி ஒரே நாளில் அறிக்கை விட்டன. ஒன்று, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம். அது ஆஸ்பர்டேமை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. இன்னொன்று, உணவுச் சேர்க்கைப் பொருள்களை மதிப்பிடும் நிபுணர் குழு. அது 40 மில்லிகிராம் வரம்பை மாற்றக் காரணம் எதுவும் இல்லை என்றது. மறுநாள் தலைப்புச் செய்திகள் முதல் அறிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டன.

இரண்டு குழுவும் கேட்டது வெவ்வேறு கேள்வி. கொல்லையில் ஒரு கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் விழுந்தால் ஆள் சாக முடியுமா என்று கேட்கிறது முதல் குழு. கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று கேட்கிறது இரண்டாவது. முதல் குழுவின் பட்டியல் ஆதாரத்தின் வலுவைச் சொல்வது, ஆபத்தின் அளவை அல்ல. 2பி என்பது ஆதாரம் மெலிதாக இருக்கிறது என்று பொருள்படும் பிரிவு. கற்றாழையின் முழு இலைச் சாறும் அங்கேதான் இருக்கிறது. மதுவும் புகையிலையும் சந்தேகத்துக்கே இடமில்லாத முதல் பிரிவில் இருக்கின்றன.

அந்த மெலிதான ஆதாரம் கல்லீரல் புற்றுநோயையும் செயற்கை இனிப்புப் பானங்களையும் தொடர்புபடுத்திய ஒருசில ஆய்வுகளிலிருந்து வந்தது. பொது விவாதத்தில் அதிகம் அடிபட்டதோ 2022-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு. 1,02,865 பேரை ஏறத்தாழ எட்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். இனிப்பூட்டியை அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. 13 சதவீதம் என்றதும் நூற்றில் 13 பேர் என்று படிப்பவர்கள் உண்டு. அந்த ஆய்வில் மொத்தம் 3,358 பேருக்குப் புற்றுநோய் வந்தது, அதாவது நூற்றுக்கு 3.3 பேர். அதில் 13 சதவீதம் கூடினால் 3.7 ஆகும். பெரிய வேறுபாடு இல்லை என்று தள்ளிவிட முடியாது, கோடிக்கணக்கானோர் குடிக்கும் பொருள் இது. ஆனால் அந்தச் சின்னக் கூடுதலுக்குக் காரணம் இனிப்பூட்டிதானா, அதைத் தேடிப் போகிற ஆளின் வேறு ஏதாவதா? இந்த இடத்தில்தான் பிரியாணிக் கடைக் கேள்வி குறுக்கே வருகிறது.

குண்டு முதலா, கோலா முதலா?

டயட் பானத்தை யார் வாங்குகிறார்கள்? எடை கூடியவர்கள், "உங்களுக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது" என்று டாக்டர் எச்சரித்தவர்கள், குடும்பத்தில் எல்லோருக்கும் நீரிழிவு இருப்பதைப் பார்த்துப் பயந்தவர்கள். ஒல்லியான இருபது வயதுப் பையனுக்கு டயட் எதற்கு? ஆகவே டயட் குடிப்பவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணினால் அவர்களிடம் நோய் அதிகமாகத்தான் தெரியும். நோய் வரும் வழியில் இருந்ததால் பானம் வந்திருக்கலாம். பானத்தால்தான் நோய் வந்தது என்று சொல்லிவிட முடியாது. இதைத் தலைகீழ்க் காரணம் என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் எடை, வயது, புகைப்பழக்கம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கில் கழித்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது.

இதற்கு மாற்று, யாருக்கு என்ன என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது. நெதர்லாந்தில் அப்படி ஒரு அருமையான ஆய்வு நடந்தது, 2012-ல் வெளியானது. ஏற்கெனவே இனிப்புப் பானம் குடிக்கும் பழக்கமுள்ள 641 பள்ளிக் குழந்தைகள். தினம் ஆளுக்கு 250 மில்லி கேன் ஒன்று. பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, 104 கலோரி. மீதிப் பேருக்கு இனிப்பூட்டி போட்டது. கேன் வெளியே ஒரே மாதிரி, சுவையும் ஏறக்குறைய ஒன்று. எது யாருக்கு என்று குழந்தைக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஒன்றரை வருடம் ஓடியது.

வளரும் குழந்தைகள், எல்லோருக்கும் எடை கூடியது. சர்க்கரைக் குழுவுக்குச் சராசரியாக 7.37 கிலோ. இனிப்பூட்டிக் குழுவுக்கு 6.35 கிலோ. ஒரு கிலோ வித்தியாசம், தினம் ஒரு சின்னக் கேனால். இனிப்பூட்டியே குண்டாக்குகிறது என்றால் இந்த எண்கள் தலைகீழாக வந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு குழுவுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். கொடுத்தால் அது தண்ணீர் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும், ஆய்வின் மறைப்பு கெட்டுவிடும். இந்தச் சங்கடத்தால் தண்ணீரோடு ஒப்பிட்ட ஆய்வுகள் எல்லாம் கொஞ்சம் ஓட்டையோடுதான் இருக்கின்றன. அமெரிக்காவில் 303 பேரை ஒரு வருடம் கவனித்த ஆய்வில் டயட் பானக் குழு 6.21 கிலோ இளைத்தது, தண்ணீர்க் குழு 2.45 கிலோதான். அதற்குப் பணம் கொடுத்தது குளிர்பானத் தொழில் சங்கம். அதனாலேயே அது பொய்யாகிவிடாது, ஆனால் புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தத்தான் வேண்டும். ஈரானில் பெண்களிடம் நடந்த ஆய்வில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் குடித்தவர்களே சற்று அதிகம் இளைத்தார்கள்.

ஆக, 'கெடுதலா?' என்று மட்டும் கேட்டால் பதில் வராது. சர்க்கரைப் பானத்துக்குப் பதிலாகவா, தண்ணீருக்குப் பதிலாகவா என்று கேட்டாக வேண்டும். முன்னதற்கு விடை ஓரளவு தெளிவு. பின்னதற்கு இன்னும் இழுபறி. பிரியாணிக் கடை மனிதர் உண்மையில் 140 கலோரியைத் தவிர்த்திருக்கிறார். அதை நினைத்துக் கூடுதலாக ஒரு சுக்கா சொன்னாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இந்த இழுபறியை வைத்துத்தான் 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னது. ஸ்டீவியா போன்ற செடியிலிருந்து வருபவையும் இதில் அடக்கம். குலுக்கல் ஆய்வுகளில் முக்கால் கிலோ அளவுக்கு எடை குறைகிறது. நீண்டகாலம் கவனித்த ஆய்வுகளிலோ நீரிழிவும் இதய நோயும் கூடுகின்றன. இரண்டையும் எடைபோட்டுக் கொடுத்த, நிபந்தனையோடு கூடிய பரிந்துரை அது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் அதே அறிக்கையில் எழுதியிருக்கிறது. செய்திகளில் அந்த வரி காணாமல் போனது.

குடலில் குடியிருப்பவை

இனிப்பூட்டிகள் வெறுமனே வந்து போகின்றன என்ற எண்ணத்தை இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2014-ல் அசைத்தது. சாக்கரின் கொடுத்த எலிகளின் குடல் பாக்டீரியாக்கள் மாறின. ரத்தச் சர்க்கரையைக் கையாளும் திறன் கெட்டது. மனிதரில் எப்படி என்று பார்க்க, இனிப்பூட்டியையே தொடாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1,300-க்கும் மேற்பட்டவர்களைச் சலித்துத்தான் 120 பேரைப் பிடிக்க முடிந்தது. பற்பசையிலிருந்து சூயிங்கம் வரை எங்கும் இருக்கும் பொருளைத் தவிர்த்தவர் அவ்வளவு அபூர்வம்.

2022-ல் வந்த முடிவு சுவாரஸ்யமானது. வரம்புக்குக் குறைவான அளவில் இரண்டு வாரம் கொடுத்ததில், சாக்கரினும் சுக்ரலோஸும் சர்க்கரை கையாளும் திறனைச் சற்றுக் குறைத்தன. ஆஸ்பர்டேமும் ஸ்டீவியாவும் அப்படிச் செய்யவில்லை. ஒரே இனிப்பூட்டிக்கே ஆளுக்கு ஆள் விளைவு மாறியது. 'செயற்கை இனிப்பூட்டி' என்று ஒரே கூடையில் போட்டு நல்லது கெட்டது பேசுவதே தப்பு என்பதற்கு இது ஒன்றே போதும். அந்த மாற்றம் பல வருடம் நீடிக்குமா, நோயில் கொண்டுபோய் விடுமா என்பதற்கு இரண்டு வார ஆய்வால் பதில் சொல்ல முடியாது.

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வாயிலுள்ள பாக்டீரியாக்களால் இனிப்பூட்டியைத் தின்று அமிலமாக்க முடியாது. அந்த வகையில் பல்லுக்கு லாபம். ஆனால் டயட் கோலாவிலேயே பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. நாள் முழுக்கச் சப்பிச் சப்பிக் குடித்தால் எனாமல் கரையும். அதில் சாதா கோலாவுக்கும் டயட்டுக்கும் பெரிய பேதம் இல்லை.

சென்னையில் ஒரு டம்ளர் காபி

நம்மூரில் இனிப்பூட்டி அதிகம் போவது கோலாவில் அல்ல, காபி டீயில். சின்ன டப்பியை அழுத்தி டம்ளரில் ஒரு மாத்திரை போடும் தாத்தா பாட்டிகள் இல்லாத தெரு கிடையாது. அவர்களை வைத்து நடத்திய ஆய்வுகள் வெகுகாலம் இல்லாமலே இருந்தன. டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் அந்தக் குறையைப் போக்கியது. டைப்-2 நீரிழிவு உள்ள 179 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவின் காபி டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போடச் செய்தார்கள். மற்ற குழு வழக்கம்போலச் சர்க்கரையே போட்டுக்கொண்டது. 12 வாரம். முடிவு 2024-ல் வெளியானது.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையில் இரு குழுவுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சுக்ரலோஸ் குழுவில் இம்மியளவு குறைந்தன. பயந்தபடி சர்க்கரை ஏறவில்லை. எதிர்பார்த்தபடி இறங்கவும் இல்லை.

ஏன் இறங்கவில்லை என்பது புதிரே இல்லை. காலையும் மாலையும் இரண்டு டம்ளர், டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்குப் பத்து கிராம். மதியம் 200 கிராம் சோறு போட்டுக்கொண்டால் அதிலேயே 55 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. இரண்டாம் முறை ரசத்துக்குப் போடும் சோறு தனி. காலை இட்லியும் இரவு தோசையும் இன்னும் கணக்கில் வரவில்லை. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து இதே நிறுவனம் நாடு முழுக்க நடத்திய ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்ற எண்ணும் அந்த ஆய்விலிருந்து வந்ததுதான். டப்பியில் இருக்கும் மாத்திரை அந்தப் பத்து கிராமுக்கு மட்டுமே பதிலாக வருகிறது.